ஓவர்ஹோல் முடிஞ்ச அமோனியா கொம்பிரசர்: மோட்டர் 63 அம்பியர் இழுக்குது, 25 நிமிசத்துல ட்ரிப்

கல்முனை_ஐஸ்:

ஸலாம், வணக்கம் எல்லாருக்கும்.

எங்கட பிளாண்ட்ல கட்டி ஐஸுக்கு ஓடுற ரெண்டு சிலிண்டர் அமோனியா கொம்பிரசர். 160 மி.மீ போர், நாலு வி பெல்ட்ல ட்ரைவ். மோட்டர் 30 கிலோவாட், 400 வோல்ட், பிளேட்ல 55 அம்பியர், 1470 ஆர்பிஎம். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (ஸ்டார்ல தொடங்கி டெல்டாவுக்கு மாறி ஓடுறது), ஓவர்லோட் ரிலே (கரண்ட் கூடினா மோட்டர நிறுத்துறது) 32 அம்பியர்ல வச்சிருக்கு.

போன கிழமை முழு ஓவர்ஹோல். பிஸ்டன் ரிங், பிக் எண்ட் பேரிங், மெயின் பேரிங், சாஃப்ட் சீல், சக்சன் (கேஸ உள்ள இழுக்கிற பக்கம்) டிஸ்சாஜ் (அமுக்கி வெளிய தள்ளுற பக்கம்) வால்வு பிளேட்டும் ஸ்பிரிங்கும் எல்லாம் புதுசு. சிலிண்டர் லைனர் ரெண்டையும் ஹோன் பண்ணி (உள்சுவரை உரசிச் சீராக்கி) போட்டம். ஹெட் கேஸ்கட் ஷீட் வாங்கி நாங்களே வெட்டினது. அதே சாட்டோட மோட்டருக்கும் பேரிங் மாத்தினம்.

இதுக்கு முந்தி 43, 44 அம்பியர்லதான் மாசக்கணக்கா ஓடிச்சு. இப்ப 63. 25 நிமிசத்துல ரிலே தட்டுது. ஆறவிட்டுத் திருப்பிப் போட்டாலும் அப்படித்தான். தட்டுற சத்தம் ஒண்டும் இல்ல, ஒயில் பிரஷரும் நல்லா நிக்குது. கொம்பிரசரத் திரும்பக் கழட்டுறதா, மோட்டரக் கழட்டுறதா? வள்ளக்காரர் ஐஸுக்கு வந்து நிக்கிறாங்க, கெதியா ஒரு வழி சொல்லுங்க.

நெல்லாலை_சம்மாந்துறை:

புது ரிங், புது பேரிங் எண்டா இறுக்கமாத்தான் இருக்கும் காக்கா. ரிலேய 37க்குத் தூக்கி ரெண்டு நாள் ஓட விடுங்க. ரிங் உட்கார்ந்தா கரண்ட் தானா இறங்கும்.

வைண்டிங்_மட்டக்களப்பு:

ரிலேயில கை வைக்காதீங்க காக்கா. அந்த 32 சரியான கணக்கு. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்ல ரிலே மெயின் கொன்டாக்டருக்குக் கீழ, டெல்டாவுக்குள்ள நிக்குது. அதுக்கூடாகப் போறது லைன் கரண்ட்ல 58 வீதம்தான். 55க்கு 32. இப்ப நீங்க 63 இழுக்கிறதால ரிலேக்குள்ள 36.5 போகுது, அது சரியாத்தான் தட்டுது. 37க்குத் தூக்கினா ரிலே பேசாம இருக்கும், வைண்டிங் வெந்துரும். வைண்டிங் சூடு 10 டிகிரி கூடினா இன்சுலேசன்ட ஆயுள் பாதியாகும் எண்டதுதான் எங்கட தொழில்ல வச்சிருக்கிற கணக்கு.

சம்மாந்துறைத் தம்பி சொன்ன ரிங் இறுக்கம் உண்மைதான், ஆனா அது ரெண்டு மூணு அம்பியர் விசயம். 19 அம்பியருக்கு அது காரணமாகாது.

ஒண்டையும் கழட்டாமப் பார்க்கக்கூடிய சோதனைகள் இருக்கு. முதல்ல, 44 எண்டது எங்க அளந்த கணக்கு, 63 எண்டது எங்க அளந்த கணக்கு? ஸ்டார்ட்டருக்கு மேல வாற மூணு வயர்ல கிளம்ப் மீட்டர் மாட்டினா லைன் கரண்ட். மோட்டருக்குப் போற ஆறு வயர்ல ஒண்டுல மாட்டினா 58 வீதம்தான் காட்டும். 63ஐயும் 36ஐயும் ஆளாள் வேற வேற இடத்துல அளந்துட்டுச் சண்டை பிடிக்கிறது சர்வ சாதாரணம். அதே மாதிரி, மோட்டரோட சேர்த்து பவர் பக்டர் கெப்பாசிட்டர் இருந்து, மோட்டரக் கழட்டி மாட்டேக்க அது விடுபட்டிருந்தா, பெனல் மீட்டர்ல பத்து வீதம் வரைக்கும் கூடக் காட்டும். மோட்டருக்கு அதால ஒரு பாரமும் இல்ல, வெளிய தெரியிற கரண்ட்தான் கூடும்.

ரெண்டாவது, ஓடேக்க மூணு பேஸ்லயும் கரண்டும், பேஸுக்குப் பேஸ் வோல்ட்டும் எடுங்க. வோல்ட்ல ஒரு வீதம் சமன் இல்லாமப் போனா கரண்ட்ல ஆறிலிருந்து பத்து வீதம் வரைக்கும் சமன் குழம்பும். ஒரு பேஸ் மட்டும் 63, மற்றது ரெண்டும் 50 எண்டா கொம்பிரசரத் தொடவே வேணாம். கொன்டாக்டர்ட முனை கருகியிருக்கா, லக் இளகியிருக்கா எண்டு அங்க தேடுங்க. ஸ்டார்ல இருந்து டெல்டாவுக்கு மாறுதா எண்டதையும் கண்ணால பாருங்க. ஸ்டார்லயே நிண்டு முழுப் பாரத்தை இழுத்தா வேகம் விழுந்து கரண்ட் ஏறும்.

மூணாவது, பெல்ட் நாலையும் கழட்டி மோட்டரச் சும்மா ஓடவிட்டு அளங்க. 30 கிலோவாட் நாலு போல் மோட்டர் வெறுமனே 18இல இருந்து 22 வரைக்கும் இழுக்கும். 28, 30 எண்டு வந்தா பிழை மோட்டர்லதான்.

வாழைச்சேனை_பிட்டர்:

வைண்டிங் அண்ணன் சொன்னதோட இன்னும் ரெண்டு படி சேருங்க. பெல்ட் கழட்டியிருக்கிற நேரமே பிளைவீலக் கையால சுத்துங்க. ரெண்டு சிலிண்டர் மெசின், சக்சனும் டிஸ்சாஜும் பூட்டி, உள்ள கேஸ் இல்லாம இருந்தா ஒரு ஆள் ரெண்டு கையால இழுத்துச் சுத்தலாம். முழுச் சுத்துல ஒரே இடத்துல மட்டும் பிடிச்சு விட்டா பேரிங் கெப் மாறிப் போட்டிருக்கலாம், இல்லாட்டி கனெக்டிங் ரொட் சரிஞ்சு நிக்கலாம். சுத்து முழுக்க ஒரே மாதிரி இறுக்கம் எண்டா மெயின் பேரிங் கிளியரன்ஸ் காணாது. வெள்ளை உலோக பேரிங்குக்கு சாஃப்ட் விட்டத்துல ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மைக்ரோன் அளவில இடைவெளி இருக்கணும், 80 மி.மீ சாஃப்டுக்கு 0.08. மெசின்ட புத்தகத்துல வேற கணக்கு இருந்தா அதுதான் கணக்கு.

பிறகு பெல்ட்டப் போட்டு, சக்சன் ஸ்டொப் வால்வைப் பூட்டி, டிஸ்சாஜ் முழுக்கத் திறந்து ஓட்டுங்க. சக்சன் கேஜ் பூச்சியத்துக்கு வந்ததும் கரண்டப் பார்த்து எழுதிட்டு நிறுத்துங்க. வெக்கூமுக்கு இழுக்க விடாதீங்க, ஒயில் நுரைச்சு பம்ப் பிடிக்காமப் போகும், சீல் வழியா வெளிக்காத்தும் உள்ள வரும். இந்த அளவு வெறும் மோட்டர் அளவை விட மூணு நாலு அம்பியர் மட்டும் கூட எண்டா உள்ளுக்க எந்த இடத்துலயும் பிடிக்கல்ல. 30ஐத் தாண்டினாத்தான் கழட்டுற கதை.

இன்னொண்டு. அந்த 44ஐ சரியான அளவு எண்டு நம்பாதீங்க. அது தேய்ஞ்ச மெசின்ட கணக்கு. ரிங்கும் வால்வும் ஒழுகினா இழுக்கிற கேஸ் குறையும், வேலை குறையும், கரண்டும் குறையும், ஐஸ் கட்ட நேரம் மட்டும் கூடும். இப்ப வால்வு இறுக்கமா மூடுது, முழுக் கேஸும் போகுது, அதுக்கே சில அம்பியர் ஏறத்தான் வேணும். ஆனா 55ஐத் தாண்டக் கூடாது.

கேஸ்கட் நீங்களே வெட்டினது எண்டு எழுதியிருக்கீங்க. தடிப்பு அளந்தீங்களா? மெல்லிசாப் போனா பிஸ்டனுக்கும் வால்வு பிளேட்டுக்கும் இடைவெளி குறையும். கரண்ட் அதால பெருசா ஏறாது, ஆனா சூடேறினதும் பிஸ்டன் போய்த் தட்டும். ஹெட் திறக்கிற நாள் வந்தா 2 மி.மீ ஈயக் கம்பியில சின்னத் துண்டு ரெண்டு, பிஸ்டன் தலையில கட்ஜன் பின் (பிஸ்டனையும் கனெக்டிங் ரொட்டையும் இணைக்கிற பின்) போற திசையில ரெண்டு ஓரத்துலயும் கிறீஸ் தொட்டு ஒட்டி, கேஸ்கட்டோட ஹெட்ட முழு டோர்க்ல இறுக்கி, பிளைவீலக் கையால ஒரு முழுச் சுத்துச் சுத்தி எடுங்க. நசிஞ்ச கம்பி 0.5க்கும் 1 மி.மீக்கும் இடையில வரும், புத்தகத்துல உள்ள கணக்கோட ஒப்பிடுங்க. ஒரு துண்டு 0.7, மற்றது 0.4 எண்டா பிஸ்டன் நேரா ஏறல்ல.

பிரஷர் ரெண்டும் எழுதவே இல்ல நீங்க. அது இல்லாம மிச்சம் சொல்ல ஏலாது.

கல்முனை_ஐஸ்:

எல்லாருக்கும் நன்றி. இண்டைக்குச் செஞ்சது இது.

மோட்டர் வெறுமனே: 20, 20, 19. பிளைவீல் கையால லேசாச் சுத்துது, எந்த இடத்துலயும் பிடிக்கல்ல. சக்சன் பூட்டி ஓட்டினா 23. முழுப் பாரத்துல 62, 63, 64, ஸ்டார்ட்டருக்கு மேல அளந்தது, முந்தின 44ம் அதே இடத்துல அளந்ததுதான். வோல்ட் 388, 391, 390. டெல்டாவுக்கு மாறுறது சரி. கெப்பாசிட்டர் பெனல்லதான், மோட்டர்ல இல்ல.

பிரஷர்: சக்சன் 37 இறாத்தல் (பிஎஸ்ஐ), டிஸ்சாஜ் 225 இறாத்தல். முந்தி சக்சன் 20, டிஸ்சாஜ் 185 அளவில நிக்கும். பிரைன் (ஐஸ் கட்ட வைக்கிற உப்புத் தண்ணி) இப்ப 2 டிகிரியில இருக்கு, ஒம்பது நாள் பிளாண்ட் நிண்டது. கொண்டென்சர் (கேஸக் குளிராக்கித் திரவமாக்குறது) ஷெல் டியூப், கூலிங் டவர் தண்ணி.

வைண்டிங்_மட்டக்களப்பு:

மோட்டர் தப்பிச்சிட்டு. மூணு பேஸும் சமன், வோல்ட்ல அரை வீதம் கூட வித்தியாசம் இல்ல. 390 வோல்ட் எண்டது 400க்குக் கொஞ்சம் கீழ, அதால ஒரு அம்பியர் ஒண்டரை அம்பியர் கூடலாம், அவ்வளவுதான். மிச்சத்த அமோனியாத் தெரிஞ்ச ஆள் சொல்லட்டும்.

அமோனியா_717:

இந்த ரெண்டு பிரஷருமே பாதிக் கதையைச் சொல்லுது.

முதல்ல சக்சன். 20 இறாத்தல் எண்டா அமோனியா மைனஸ் 15 டிகிரியில கொதிக்குது. 37 எண்டா மைனஸ் 5. பிரைன் சூடா இருக்கிறதால சக்சன் ஏறியிருக்கு. சக்சன் ஏறினா கேஸ்ட அடர்த்தி கூடும்: மைனஸ் 15ல ஒரு கிலோ அமோனியா ஆவி கிட்டத்தட்ட அரைக் கனமீட்டர் இடம் பிடிக்கும், மைனஸ் 5ல 0.35 கனமீட்டர். அதே சிலிண்டர், அதே சுத்து, ஆனா ஒவ்வொரு சுத்துலயும் கிட்டத்தட்ட ஒண்டரை மடங்கு கேஸ் போகுது. ஒரு கிலோவ அமுக்குற வேலை கொஞ்சம் குறையும், ஆனா கிலோக் கணக்கு கூடுறது அதை மீறிரும். இதுக்கு மருந்து சக்சன் ஸ்டொப் வால்வை நெரிக்கிறது. சக்சன் கேஜ் 25ஐத் தாண்டாத மாதிரி வால்வைப் பாதி பூட்டி ஓட்டி, பிரைன் குளிராகக் குளிராகக் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்துட்டு வாங்க. நீண்ட நாள் நிண்ட பிளாண்ட் எதையும் முதல் நாள் முழுக்கத் திறந்து ஓட்டக் கூடாது. கேஜ் கொம்பிரசர் பக்கம்தான் இருக்கா, வால்வுக்கு அங்கால இருக்கா எண்டும் பாருங்க. அங்கால எண்டா நெரிச்சாலும் கேஜ்ல தெரியாது.

ரெண்டாவது டிஸ்சாஜ், இதுதான் எனக்குப் பிடிக்காத கணக்கு. 225 இறாத்தல் எண்டா அமோனியா 42 டிகிரியில திரவமாகணும். கச்சான் வெயில்லயும் கூலிங் டவர் தண்ணி அந்த அளவு சூடாகாது. ஒண்டு டியூப்ல சுண்ணாம்பு கட்டியிருக்கணும், கல்முனைக் கரையோரக் கிணத்துத் தண்ணிக்கு அது புதுசில்ல. இல்லாட்டி கொண்டென்சருக்குள்ள காத்து. ரெண்டையும் பிரிச்சறிய ஒரு சோதனை இருக்கு: கொம்பிரசர நிறுத்துங்க, ரிசீவர்ல (திரவ அமோனியா தங்குற டேங்க்) இருந்து போற லிக்குயிட் வால்வைப் பூட்டுங்க, தண்ணி பம்ப் மட்டும் ஓடட்டும். உள்ள போற தண்ணியும் வெளிய வாற தண்ணியும் ஒரே சூட்டுக்கு வாற வரைக்கும் காத்திருங்க, அரை மணித்தியாலமாவது. பிறகு கேஜப் படிங்க. உள்ள சுத்தமான அமோனியா மட்டும் இருந்தா 28 டிகிரித் தண்ணிக்கு 145, 30க்கு 155, 32க்கு 165 இறாத்தல் அளவில நிக்கணும். அதுக்கு மேல எவ்வளவு காட்டுதோ அது காத்து. சுண்ணாம்பு எண்டா இந்தச் சோதனையில கேஜ் சரியா இறங்கிரும், ஓடேக்க மட்டும் ஏறும்.

ஓவர்ஹோல் முடிஞ்சு லீக் பார்த்தது என்னத்தால? வெக்கூம் இழுத்தீங்களா?

கல்முனை_ஐஸ்:

சோதனை பார்த்தாச்சு. தண்ணி 30 டிகிரி, கேஜ் 181லயே நிக்குது, இறங்கல்ல.

லீக் பார்த்தது காத்தால. சின்னக் காத்துக் கொம்பிரசர மாட்டி 120 இறாத்தல் அடிச்சு சவர்க்கார நுரை பூசிப் பார்த்தம். பிறகு கொம்பிரசரப் போட்டு டிஸ்சாஜ் வால்வைத் திறந்தம். வெக்கூம் பம்ப் இல்ல. டிஸ்சாஜ் லைன்ல ஒயில் செப்பரேட்டரும் திறந்து கழுவினது, அதுவும் காத்தோடதான் மூடினம்.

அமோனியா_717:

அப்ப 26 இறாத்தல் காத்து. அடிச்ச காத்தை முழுக்க கொண்டென்சருக்குள்ள தள்ளி விட்டிருக்கீங்க. காத்து திரவமாகாது, உள்ளயே தங்கி டியூபை மூடி நிக்கும், கேஸ் வந்து தொட இடம் கிடைக்காது.

இனிமே காத்தால லீக் பார்க்காதீங்க. அமோனியா காத்தோட 15இல இருந்து 28 வீதம் வரைக்கும் கலந்தா பத்தும், உள்ள ஒயில் ஆவியும் சேர்ந்து சூடான டிஸ்சாஜ் வால்வுக்குப் போறது ஆபத்தான வேலை. நைதரசன் சிலிண்டர் ரெகுலேட்டரோட வாங்கி அடிங்க, பார்த்து முடிய அதை வெளிய விட்டு, பிறகு வெக்கூம் பம்ப் ஒண்டை வாடகைக்காவது எடுத்து இழுத்துட்டு அமோனியாவைத் திறங்க.

காத்தை வெளிய எடுக்கிறது இப்படி. கொம்பிரசர் நிண்ட நிலை, தண்ணி ஓடட்டும், லிக்குயிட் வால்வு பூட்டினபடி. கொண்டென்சர்ட பேர்ஜ் வால்வுல (காத்தை வெளியேத்துற வால்வு) அமோனியாவுக்கு ஏத்த ஹோஸ் மாட்டி, மறு நுனியப் பெரிய வாளித் தண்ணிக்குள்ள அடி வரைக்கும் விடுங்க. ரெண்டு பேர் நில்லுங்க, வெளிக்காத்து வீசுற பக்கம் முதுகு இருக்கணும், அமோனியா கெனிஸ்டர் போட்ட முழு முக மாஸ்க், கையுறை, பக்கத்துல திறந்த தண்ணிக் குழாய். வால்வைக் கால் சுத்துக்கும் குறைவாத் திறங்க. வாளியைப் பாருங்க: வாறது காத்து எண்டா குமிழ் குமிழா மேல வந்து உடையும். அமோனியா எண்டா குமிழ் மேல வராது, வாயிலயே கரைஞ்சு பொரியிற மாதிரி படபடக்கும், வாளி சூடாகும். முதல்ல குமிழும் பொரியலும் கலந்துதான் வரும். குமிழ் நிண்டு பொரியல் மட்டும் ஆனதும் பூட்டுங்க. பூட்டின கையோட ஹோஸ் நுனியத் தண்ணியில இருந்து தூக்கிருங்க, இல்லாட்டி உள்ள மிஞ்சின கேஸ் கரைஞ்சு தண்ணிய மேல இழுக்கும். பத்து நிமிசம் விட்டுத் திரும்பவும் செய்யுங்க, ஒரே தடவையில முடியாது. அந்தத் தண்ணிய வாய்க்காலுக்கோ கடலுக்கோ ஊத்தாதீங்க, மீன் செத்துரும்.

கல்முனை_ஐஸ்:

நாலு தடவை பேர்ஜ் பண்ணினம். நிறுத்தின நிலையில கேஜ் இப்ப 156, தண்ணி 30. ஓடேக்க டிஸ்சாஜ் 198, சக்சன் நெரிச்சு 28ல வச்சிருக்கம். கரண்ட் 57. ட்ரிப் ஆக ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுக்குது, ஆனா இன்னும் ஆகுது. பிரைன் இறங்கினா சரி வருமா?

வாழைச்சேனை_பிட்டர்:

சக்சன் 28, டிஸ்சாஜ் 198 எண்டா 57 இன்னும் கூடத்தான். எல்லா இடமும் பார்த்தாச்சு, ஒண்டைத் தவிர. கொம்பிரசர் எத்தனை சுத்து ஓடுது? மோட்டர் பேரிங் மாத்தேக்க புல்லியும் மாத்தினதா?

டெக்கோமீட்டர் இல்லாட்டி பிளைவீல்ல வெள்ளைப் பெயின்ட் கோடு ஒண்டு போட்டு, போன்ல செக்கனுக்கு 240 பிரேம் ஸ்லோ மோசன்ல எடுங்க. பத்துச் சுத்துக்கு எத்தனை பிரேம் எண்டு எண்ணி, 144,000ஐ அந்த எண்ணிக்கையால பிரிங்க, ஆர்பிஎம் வரும். புல்லி ரெண்டையும் அளந்தும் பார்க்கலாம்.

கல்முனை_ஐஸ்:

அண்ணன், அதேதான். பத்துச் சுத்துக்கு 196 பிரேம். 735 வருது. பழைய மோட்டர் புல்லி கழட்டேக்க விளிம்பு வெடிச்சதால வேற ஒண்டு போட்டிருக்காங்க, எங்களுக்குச் சொல்லல்ல. பழையது ஸ்டோர்ல கிடந்தது, 220 மி.மீ. இப்ப இருக்கிறது 240. பிளைவீல் 480.

வாழைச்சேனை_பிட்டர்:

1470ஐ 220ஆல பெருக்கி 480ஆல பிரிச்சா 674. இப்ப 735. ஒம்பது வீதம் வேகம் கூட, ஒம்பது வீதம் கேஸ் கூட, பாரமும் அதே அளவு கூட. அந்தப் பாரத்துக்கு 30 கிலோவாட் மோட்டர் காணாது. 20 மி.மீ வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அதனாலதான் இது மறைஞ்சு கிடந்தது.

220லயே புதுப் புல்லி கடையச் சொல்லுங்க. சாவிக் காடி மோட்டர் சாஃப்டுக்கு அளவாப் போகணும், தட்டி ஏத்தாதீங்க, புது பேரிங் அடி வாங்கும். பெல்ட் நாலையும் ஒரே செட்டா மாத்துங்க, பழசு ரெண்டு புதுசு ரெண்டு எண்டு கலந்தா புதுசு ரெண்டும்தான் பாரத்த இழுக்கும். இறுக்கம் பார்க்க, ரெண்டு புல்லிக்கும் நடுவுல ஒரு மீட்டர் இடைவெளி எண்டா நடுவுல பெருவிரலால அமத்தி 16 மி.மீ இறங்கணும். அதுக்கு மேல இறுக்கினா மெயின் பேரிங்தான் தாங்கும்.

கல்முனை_ஐஸ்:

220 போட்டாச்சு. அதே சக்சன், அதே டிஸ்சாஜ், கரண்ட் 52. ரிலே 32லயே இருக்கு, ட்ரிப் இல்ல. இண்டைக்கு மூணாம் நாள், பிரைன் மைனஸ் 8, சக்சன் வால்வு முழுக்கத் திறந்து 20 இறாத்தல், டிஸ்சாஜ் 186, கரண்ட் 46. ஐஸும் முந்தி எடுத்த நேரத்த விட கெதியாக் கட்டுது. எல்லாருக்கும் பெரிய நன்றி.

அமோனியா_717:

46 சரியான அளவு. இந்தச் சக்சன், டிஸ்சாஜ், தண்ணிச் சூடு, மூணு பேஸ் கரண்ட், வோல்ட் எல்லாத்தையும் இண்டைக்கே பெனல் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டுங்க. அம்பியர மட்டும் தனியா எழுதினா அடுத்த முறை ஒப்பிட ஏலாது.

50 மணித்தியாலம் ஓடினதும் நிறுத்தி ஒயில மாத்துங்க. ஹோன் பண்ணின லைனர்லயும் புது ரிங்லயும் இருந்து வாற பொடி முழுக்க அதுக்குள்ள நிக்கும். சக்சன் ஸ்ட்ரெயினர்ட வலையையும் அண்டைக்கே கழட்டிப் பாருங்க. ஒம்பது நாள் நிண்ட குழாய்த் துரு முதல்ல வந்து அடையிறது அங்கதான்.